செயற்கைக் காலோடு பனிக்காலத்தை வெளியே கழிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

போன நவம்பரில் ரொறன்ரோவின் ஸ்காபறோவில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு ஐயாவுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன். நீரிழிவால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. செயற்கைக் காலோடு வடிவாகத்தான் நடந்தார். “சரி தம்பி, இனி ஏப்ரல் மட்டும் நான் வீட்டுக்குள்ளதான்” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. வருடத்தில் ஐந்து மாதம் ஒரு மனிதன் ஜன்னல் கண்ணாடிக்குள் இருந்து தெருவைப் பார்ப்பதா?

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 1998இல் வன்னியில் மிதிவெடி. முதலில் கிடைத்தது ஜெய்ப்பூர் கால். 1968இல் ஜெய்ப்பூரில் மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய அந்த றப்பர் பாதம், சப்பாத்தே இல்லாமல் வயலிலும் சேற்றிலும் நடப்பதற்கென்று பிறந்தது. வெயிலையும் மழையையும் என்னோடு சேர்ந்து தாங்கியது. ரொறன்ரோவுக்கு வந்த பிறகுதான் பனியைக் கண்டேன். முதல் இரண்டு குளிர்காலங்களை நானும் ஜன்னலுக்குள்தான் கழித்தேன். இப்போது டிசம்பர் எப்போது வரும் என்று பார்த்திருக்கிறேன். இடையில் படித்ததையெல்லாம் அந்த ஐயாவை மனதில் வைத்துக்கொண்டு இங்கே எழுதுகிறேன். முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களுக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

ஒக்ரோபரிலேயே தொடங்குங்கள்

பனி கொட்டத் தொடங்கிய பிறகு செயற்கைக் கால் பொருத்தும் நிபுணரிடம் நேரம் எடுப்பது கஷ்டம். அதனால் இலை உதிரும்போதே ஒரு தடவை போய்வாருங்கள். சொக்கற் (வெட்டிய கால் உள்ளே இறங்கி நிற்கும் கிண்ணம்) இறுக்கமாக இருக்கிறதா, திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா, பாதத்தின் றப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உறையில் சின்னக் கிழிசல் இருந்தாலும் உப்புத் தண்ணீர் அதற்குள்ளால்தான் உள்ளே போகும்.

கணினியால் இயங்கும் முழங்கால் வைத்திருப்பவர்கள் அதன் கையேட்டில் எத்தனை பாகை குளிர் வரை தாங்கும் என்று எழுதியிருப்பதை வாசித்துக்கொள்ளுங்கள். குளிரில் பட்டரி சீக்கிரம் இறங்கும். வெளிக்கிடும்போது முழுதாகச் சார்ஜ் செய்திருக்க வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் முழங்காலும் குளிரில் சற்று மந்தமாகும். அதனால் வாசலைத் தாண்டியதும் வேகமாக நடக்காமல், பத்துப் பதினைந்து அடி மெதுவாக நடந்து பாருங்கள்.

காசு விடயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் அரசின் உதவிச் சாதனத் திட்டம் வழமையான செயற்கைக் காலின் விலையில் 75 சதவீதத்தைக் கொடுக்கும். மிச்சத்துக்கு வோர் அம்ப்ஸ் அமைப்பிடம் கேளுங்கள். முதல் உலகப் போரில் கை கால் இழந்து வந்த கனேடியப் படைவீரர்கள் 1918இல் தொடங்கியது அது. இப்போது போரோடு தொடர்பில்லாதவர்களுக்கும், பிள்ளைகளுக்கும் உதவுகிறார்கள். எங்கள் ஆட்களில் பலர் பதிவதற்கே கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, பதியுங்கள்.

சப்பாத்து: பாதிப் பிரச்சினை இங்கேதான்

கடையில் போய்த் தடித்த பூட்ஸ் ஒன்றை வாங்கி மாட்டினால் போதும் என்று நினைத்தேன். அன்று மாலை முழுக்க முழங்கால் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. சமதரையில் நிற்கும்போதே இறக்கத்தில் நிற்பது போல. காரணம் எளிது. செயற்கைப் பாதம் ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்குத்தான் பொருத்தப்பட்டிருக்கும். குதி அதைவிட உயர்ந்தால் கால் முழுவதும் முன்னுக்குச் சாய்ந்து முழங்காலை மடிக்கப் பார்க்கும். தாழ்ந்தால் முழங்காலைப் பின்னுக்கு உதைக்கும். உள்ள காலில், அதாவது வெட்டாத சொந்தக் காலில், கணுக்கால் வளைந்து இதைச் சரிக்கட்டிவிடும். எங்களுடைய கணுக்கால் அப்படி வளையாது.

ஆகவே கடைக்கு ஒரு அடிமட்டத்தோடு போங்கள். குதிக்குக் கீழே அடிப்பாகம் எவ்வளவு தடிப்பு, விரல்மொழிக்குக் கீழே எவ்வளவு தடிப்பு என்று அளந்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். என் அன்றாடச் சப்பாத்துக்கு அது 10 மில்லிமீற்றர். அன்று வாங்கிய பூட்ஸுக்கு 25. நீங்கள் தினமும் போடும் சப்பாத்தின் கணக்குக்குக் கிட்ட வரும் பூட்ஸைத் தேடுங்கள். குதி தாழ்வாக இருந்தால் உள்ளே ஆப்பு மாதிரி ஒரு துண்டு வைத்து உயர்த்தலாம். உயரமாக இருந்தால் நீங்களாக ஒன்றும் செய்ய முடியாது, நிபுணர்தான் காலைச் சரிசெய்ய வேண்டும். அப்படியானால் பூட்ஸைக் கையோடு கொண்டு போங்கள்.

அடுத்தது மாட்டுவது. வளையாத பாதத்தை உயரமான பூட்ஸுக்குள் இறக்குவது போராட்டம். பக்கத்தில் அடிவரை சிப் திறக்கும் பூட்ஸ், அல்லது கயிற்றை விரல்வரை தளர்த்தக்கூடிய பூட்ஸ் எடுங்கள். அதோடு ஒரு சின்ன வித்தை: செயற்கைப் பாதத்துக்குச் சொக்ஸ் போட்டு அதற்கு மேல் ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் பையைச் சுற்றுங்கள். பாதம் வழுக்கிக்கொண்டு இறங்கும். இறங்கியதும் பையை மேலே உருவி எடுத்துவிடலாம். கடைகளில் இப்போது அந்தப் பைகளைக் கொடுப்பதில்லை. பழையவற்றில் நாலைந்தை வாசல் லாச்சியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பிடிப்பு பற்றி. ரொறன்ரோ மறுவாழ்வு மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உண்மையான பனிக்கட்டித் தரை போட்ட ஒரு ஆய்வுகூடத்தில் ஆட்களை நடக்கவிட்டு, தரையைச் சாய்த்துச் சாய்த்து எந்தப் பூட்ஸ் எப்போது வழுக்குகிறது என்று சோதிக்கிறார்கள். ‘றேற் மை ட்ரெட்ஸ்’ என்ற பெயரில் முடிவுகளை எல்லாரும் பார்க்கலாம். குறைந்தது 7 பாகை சாய்வில் வழுக்காமல் நின்றால் ஒரு பனித்துளிச் சின்னம். 2016இல் முதல் முடிவுகள் வந்தபோது சோதித்த பூட்ஸ்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒன்றைக்கூடப் பெறவில்லை. விலையையும் விளம்பரத்தையும் நம்பி வாங்க வேண்டாம், அந்தப் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள்.

வெறும் பனிக்கட்டியாக உறைந்த நாட்களில் சப்பாத்துக்கு மேலே இழுத்து மாட்டும் இரும்புப் பல் வைத்த றப்பர் பட்டியைப் பாவியுங்கள். இரண்டு காலிலும் போட வேண்டும். கைத்தடி வைத்திருப்பவர்களுக்கு அதன் நுனியில் பூட்டும் மடக்கு முள் மருந்துக்கடையில் கிடைக்கும். கட்டடத்துக்குள் நுழையும் முன் கையோடு அந்த முள்ளை மேலே மடக்கிவிடுங்கள். மாபிள் தரையில் இரும்பு முள் பனியைவிட மோசமாக வழுக்கும். பட்டியையும் அப்படியே கழற்ற வேண்டும்.

குளிரைவிட வியர்வை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

வெட்டிய காலின் மிச்சத்தை நாங்கள் ஸ்ரம்ப் என்போம். அதற்கு மேல் தோலோடு ஒட்டி நிற்கும் உறையான சிலிக்கோன் லைனர், அதற்கு மேல் சொக்கற். லைனருக்குள்ளால் காற்றும் போகாது, வியர்வையும் வெளியே வராது. பனிக்குள் நடப்பது கடும் வேலை. இரண்டு கால் உள்ளவரே களைத்துப்போவார், நாங்கள் அதைவிட அதிக சக்தியைச் செலவழிக்கிறோம். அரை மணித்தியாலத்தில் லைனருக்குள் தண்ணீர் தேங்கும். நடக்கும் வரை தெரியாது. நின்றதும் அந்த ஈரம் குளிரும். தோல் ஊறி மென்மையாகி, லைனர் வழுக்கி உரசத் தொடங்கும். அடுத்த நாள் கொப்புளம். பிறகு ஒரு கிழமை காலே போட முடியாது.

ஸ்காபறோவின் ஓரத்திலுள்ள றூஜ் பள்ளத்தாக்கில் எனக்கு இது நடந்தது. குளிருக்கென்று மூன்று உடுப்பு அடுக்கிப் போட்டிருந்தேன். ஒரு மேட்டில் ஏறி நின்று காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொக்கற்றுக்குள் ஏதோ வழுக்குவது போலத் தோன்றியது. மரக்குற்றி ஒன்றில் இருந்து காலைக் கழற்றி லைனரை உருட்டினேன். அதற்குள்ளிருந்து தண்ணீர் பனியில் சொட்டியது. விழுந்த இடத்தில் சின்னச் சின்னக் குழிகள். மாற்று லைனர் கொண்டுபோகவில்லை. ஈர லைனரைத் திரும்ப மாட்டிக்கொண்டு காருக்கு நடந்த அந்த ஒரு கிலோமீற்றர் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

அன்றிலிருந்து இப்படிச் செய்கிறேன்:

- வெளிக்கிடும்போது இலேசாகக் குளிர வேண்டும். வாசலில் நிற்கும்போதே இதமாக இருந்தால், பத்து நிமிடத்தில் வியர்க்கப் போகிறது என்று அர்த்தம். ஒரு அடுக்கைக் கழற்றிப் பையில் வையுங்கள்.
- காய்ந்த லைனர் ஒன்று, மெல்லிய துவாய் ஒன்று, ஸ்ரம்ப் சொக்ஸ் நாலைந்து. இவற்றை சிப் பூட்டும் பையில் போட்டு ஜக்கெற்றுக்கு உள்ளே, உடம்போடு ஒட்டி வையுங்கள். முதுகுப் பையில் வைத்தால் லைனர் பனிக்கட்டி போல ஆகிவிடும், தோலில் வைக்க முடியாது.
- முப்பது நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை காற்றுப் படாத இடத்தில் இருந்து, கழற்றித் துடைத்து, மாற்றிப் போடுங்கள். அரைமணி கழித்துத் தேவை என்று தோன்றாவிட்டாலும் செய்யுங்கள். கழற்றிய லைனரையும் ஜக்கெற்றுக்குள் வையுங்கள், அடுத்த தடவைக்கு உதவும்.

ஸ்ரம்ப் சொக்ஸ் எதற்கு என்று புதிதாகக் கால் போட்டவர்கள் கேட்பார்கள். ஸ்ரம்ப் நாளுக்குள்ளேயே சுருங்கும். நடக்க நடக்க சுருங்கும், குளிரிலும் பலருக்குச் சுருங்கும். சுருங்கினால் சொக்கற்றுக்குள் ஆழமாக இறங்கி அடியில் முட்டும், எலும்பு நோகும், காலடியில் ‘சளக்’ என்று ஒரு சத்தம் வரும். அப்போது ஒரு சொக்ஸ் கூட்ட வேண்டும். ஒரு அடுக்கு, மூன்று அடுக்கு, ஐந்து அடுக்கு என்று தடிப்பு வேறுபாட்டில் வரும். வெளியே ஒரு அடுக்கில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள்.

லைனரில் ஊசிப் பூட்டு (லைனரின் அடியிலுள்ள ஊசி சொக்கற்றுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும் வகை) உள்ளவர்கள் ஊசியில் பனி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்த பிறகே மாட்டுங்கள். பூட்டுக்குள் போன பனி உருகித் திரும்ப உறைந்தால் விடுவிக்கும் பொத்தான் இறுகி நின்றுவிடும்.

இன்னொன்று, மிக முக்கியம். கையைச் சூடாக்கும் அந்தச் சின்ன இரசாயனப் பொட்டலங்களை லைனருக்குள்ளோ ஸ்ரம்பின் மேலோ வைக்கவே வேண்டாம். பலருக்கு ஸ்ரம்பில் உணர்ச்சி குறைவு. தோல் வேகும்போதுகூடத் தெரியாது. குளிரும் அப்படியே தெரியாது. சொக்கற்றின் கீழேயுள்ள உலோகக் குழாய் குளிரை மேலே கடத்தும். அதனால் சொக்கற்றுக்கு வெளியே பழைய கம்பளிச் சுவெற்றரின் கையை வெட்டி உறை மாதிரி இழுத்துவிடுங்கள்.

நீரிழிவால் கால் இழந்தவர்கள் மற்றப் பாதத்தையும் கவனியுங்கள். உண்மையில் உங்களுக்கு அதுதான் பெரிய கவலை. செயற்கைப் பாதம் உறைந்தால் ஒன்றும் ஆகாது. உணர்ச்சி குறைந்த உள்ள பாதம் உறைந்தால் அதையும் இழக்க நேரிடும். ஓய்வெடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சப்பாத்தையும் கழற்றி விரல்களைக் கண்ணால் பாருங்கள். வெளிறியோ மெழுகு மாதிரியோ இருந்தால் அன்றைய நடை அத்தோடு முடிந்தது.

காற்றையும் சேர்த்துக் கணிக்கும் காற்றுக் குளிர் அளவு மறை (மைனஸ்) 28ஐத் தாண்டினால் திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம் என்று கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. நான் மறை 20இலேயே நிறுத்திக்கொள்கிறேன். மரக்குற்றியில் இருந்து காலைக் கழற்ற வேண்டி வரும் ஒருவருக்கு அதற்கு மேல் சரிவராது.

உடுப்பில் ஒரே ஒரு விடயம்

இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பக்கவாட்டில் சிப் திறக்கும் பனிக் காற்சட்டை வாங்குங்கள். சொக்ஸ் கூட்ட வேண்டும் என்றால் சாதாரணக் காற்சட்டையை நடுக் காட்டில் இறக்க வேண்டி வரும். சிப் இருந்தால் ஒரு பக்கம் திறந்து வேலையை முடித்து மூடிவிடலாம். எங்களில் பலர் லைனர் மாற்றாமல் நோவைத் தாங்கிக்கொண்டு நடப்பதற்குக் காரணமே இந்த வெட்கம்தான். அந்த ஒரு சிப்புக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

பனிக்கட்டியில் நடப்பதும் விழுவதும்

நடையை மாற்ற வேண்டும். குதியை முதலில் வைத்து நீட்டி நடப்பது கோடைக்கு. பனிக்கட்டியில் அடி சின்னதாக, பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தட்டையாகப் பட வேண்டும். உடம்பின் பாரம் முன்னால் வைக்கும் காலுக்கு நேர் மேலே இருக்கட்டும். கை இரண்டும் பைக்குள் போகக்கூடாது. நடைக்கோல் இரண்டு இருந்தால் இன்னும் நல்லது.

மேட்டில் ஏறும்போது உள்ள கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். படிக்குப் படித்தது இங்கேயும் செல்லும். இறக்கம் மிகவும் வழுக்கினால் பக்கவாட்டாக நின்று, உள்ள காலை மேட்டுப் பக்கமாக வைத்து இறங்குங்கள்.

செயற்கைப் பாதத்துக்குத் தரை தெரியாது. உள்ள கால் வழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் ஒரு செய்தி சொல்லும், மற்றது சொல்லாது. அதனால் கண் அதற்காக வேலைசெய்ய வேண்டும். மூன்று அடிக்கு முன்னால் பாருங்கள். கறுப்பாக மினுங்கும் இடம், கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயடி, பஸ் தரிப்பிடத்தில் மிதிபட்டு இறுகிய பனி, இவையெல்லாம் ஆபத்தான இடங்கள். புதிதாக விழுந்த பனி பெரும்பாலும் நல்ல பிடிப்புத் தரும்.

விழுந்து எழும்பப் பழகுங்கள். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. முதல் தடவை தெருவில் விழுந்தபோது எழும்பத் தெரியாமல் அந்தரப்பட்டேன். ஒரு நல்ல பனி நாளில், பூங்காவில், யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு வேண்டுமென்றே மெதுவாக இருந்து படுத்துப் பாருங்கள். பிறகு குப்புறத் திரும்பி, கையிலும் முழங்காலிலும் நின்று, உள்ள காலின் பாதத்தை முன்னே ஊன்றி, கோலைப் பிடித்து அந்தக் காலால் தள்ளி எழும்புங்கள். செயற்கைக் கால் பின்னால் தானாக வரும். ஐந்து தடவை செய்தால் பாதிப் பயம் போய்விடும். வெளியே போகாதவர்களைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் விழுவதற்கான பயமே இல்லை. விழுந்தால் எல்லாருக்கும் முன்னால் எழும்ப முடியாமல் கிடப்போமோ என்ற பயம்தான்.

என்ன செய்யலாம்

ஸ்னோஷூவில், அதாவது பனியில் நடக்கச் சப்பாத்துக்குக் கீழே கட்டும் அகன்ற தட்டில், தொடங்குங்கள். அகன்ற அடிப்பாகம் பனிக்குள் புதையாமல் தாங்கும், அடியில் பற்கள் இருக்கும், இரண்டு கையிலும் கோல் இருக்கும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பனியில் எனக்குச் சப்பாத்தைவிட ஸ்னோஷூதான் உறுதி. அகலம் குறைந்தவற்றைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று மிதிபடும். எங்கள் ஆட்கள் இவ்வளவு பேர் இருக்கும் ஸ்காபறோவின் ஓரத்திலேயே றூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. மிருகக்காட்சிச்சாலைக்குப் பக்கத்தில் தொடங்கும் விஸ்ரா பாதையில் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு மரத்தளம் உண்டு. முதல் நாள் இருபது நிமிடம் போதும். பத்து நிமிடம் போய்த் திரும்புங்கள்.

ஐஸ் ஸ்கேற்றிங் முடியும், ஆனால் ஸ்கேற் குதியை உயர்த்துவதால் கால் நிபுணர் சரிசெய்து தராமல் இறங்க வேண்டாம். அதற்கு மனமில்லையென்றால் இருந்து ஓட்டும் சறுக்கு வண்டி இருக்கிறது. பரா ஐஸ் ஹொக்கியில் பாவிப்பது அது. 1960களின் தொடக்கத்தில் ஸ்ரொக்ஹோமில் ஒரு மறுவாழ்வு நிலையத்தில் ஐஸ் ஹொக்கியை விட மனமில்லாதவர்கள் உருவாக்கிய விளையாட்டு.

பனிச்சறுக்கு பற்றிச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். ஆனால் 1976இல் சுவீடனின் ஊர்ன்ஷோல்ட்ஸ்விக்கில் நடந்த முதலாவது குளிர்காலப் பராலிம்பிக்ஸிலேயே கால் இழந்தவர்கள் மலையிலிருந்து சறுக்கினார்கள். ஒற்றைக் காலில் ஒரு ஸ்கீ, இரண்டு கையிலும் நுனியில் குட்டி ஸ்கீ வைத்த ஊன்றுகோல். பனியில் மூன்று தடம் விழும், அதனால் மூன்றுதடச் சறுக்கு என்று பெயர். செயற்கைக் காலை அடிவாரத்தில் விட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள். முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களுக்கு இது நல்ல வழி. ஸ்ரம்புக்குத் தடித்த உறை போட மறக்க வேண்டாம், சொக்கற் இல்லாதபோது அடியும் குளிரும் நேராகப் படும். என் மாதிரி முழங்கால் உள்ளவர்கள் காலோடும் சறுக்கலாம். ஸ்கீ பூட்ஸுக்குள் கால் முன்சாய்வாக நிற்க வேண்டும் என்பதால் நிபுணர் ஆப்பு வைத்துத் தருவார். தனியாகப் பழக வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே பழக்கும் பயிற்சியாளர்கள் ஒன்ராறியோவின் பல சறுக்கு மலைகளில் இருக்கிறார்கள்.

இது ஒன்றும் வேண்டாம் என்றாலும் சரி. பேரப்பிள்ளை சறுக்குப் பலகையில் இறங்கும் மேட்டடியில் ஒரு தேத்தண்ணீர்ப் பிளாஸ்கோடு நிற்பதும் வெளியே போவதுதான்.

வீடு திரும்பிய பிறகு

தெருவில் கொட்டும் உப்பு உலோகத்தை அரிக்கும். ஈரத் துணியால் குழாயையும் கணுக்கால் பகுதியையும் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். பூட்ஸைக் கழற்றிப் பாதத்துக்குப் போட்ட சொக்ஸையும் மாற்றுங்கள். நனைந்தது தெரியாததால் நாலு நாள் அப்படியே கிடந்து மணக்கும். கிழமைக்கு ஒரு தடவை பாத உறைக்குள் உப்புத் தூள் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உறையைக் கழற்றத் தெரியாவிட்டால் நிபுணரிடம் ஒரு தடவை காட்டித்தரச் சொல்லுங்கள்.

லைனரை மென்மையான சவர்க்காரத்தால் கழுவி நிழலில் தொங்கவிடுங்கள். ஹீற்றருக்கு மேல் போட்டால் சிலிக்கோன் பழுதாகும். காலைக் காரிலோ கராஜிலோ இரவு விட வேண்டாம், கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

கடைசியாக ஸ்ரம்ப். நல்ல வெளிச்சத்தில், கைக்கண்ணாடியை அடியில் பிடித்து எல்லாப் பக்கமும் பாருங்கள். சிவந்த இடம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தால் பயமில்லை. மறையாவிட்டால், அல்லது தோல் உடைந்திருந்தால், அடுத்த நாள் எவ்வளவு நல்ல பனி விழுந்தாலும் காலைப் போட வேண்டாம். ஊன்றுகோலோடு இருந்துகொண்டு காலையில் கால் நிபுணரை அழையுங்கள்.